மூன்று மைனர்கள்

கோண்டாவிலில் வாழும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் தமது அறுபத்துமூன்றாவது வயதிலே மொறிஸ் மைனர் வாங்கத் தீர்மானித்தபோது, உறவினர் அதனை முதுமையின் விளையாட்டென்றே கொண்டனர். கனடாவிலிருந்து வந்திருந்த மருமகன் மட்டும் உற்சாகங் கொண்டான். வாங்குவதாயின் 1098 சீசீ எஞ்சின் பூட்டிய கடைசித் தலைமுறையையே வாங்க வேண்டும், ஏனையவை ஓடுவன அல்ல, ஊர்வன என்பது அவன் கட்சி.

அவன் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. 1948இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் வெளிவந்த மைனர், முதலில் 918 சீசீ பக்கவால்வு எஞ்சினைக் கொண்டிருந்தது. அதன் வலு முப்பது குதிரையை எட்டாது. 1952இல் மொறிஸும் ஒஸ்ரினும் ஒரே நிறுவனமாக இணைந்ததன் பயனாய் ஒஸ்ரினின் 803 சீசீ எஞ்சின் இதனுள் வந்தது. நவீனமானதெனினும் சிறியது; ஏற்றத்தில் மூச்சு வாங்கும். (யாழ்ப்பாணத்தில் ஏற்றம் ஏது என்பது வேறு கதை.) 1956இல் 948 சீசீ எஞ்சினும் நடுவே பிளவற்ற முன்கண்ணாடியும் அமைந்தன. 1962இல் அது 1098 ஆயிற்று; வலு 48 குதிரை, முன்சில்லுகளின் பிறேக்கும் பெரிது. அலெக் இசிகோனிஸ் வகுத்த அமைப்போ தொடக்கம் முதலே தன் எஞ்சினை விஞ்சி நின்றது. முன்சில்லுகளைத் தாங்கும் முறுக்குத் தண்டும் பற்சட்டச் சுக்கானும் வளைவுகளில் வண்டியை நிலத்தோடு பிடித்து வைத்தன. ஆதலின், பிந்திய மைனர் குடும்ப வண்டியின் வேடம் பூண்ட பந்தயக் குதிரை என்று மருமகன் வாதித்ததில் நியாயமுண்டு.

கொக்குவிலில் ஒரு கராஜில், மூன்று தலைமுறையையும் கழற்றிப் பூட்டிய கைகளையுடைய முதியவர் இவ்வாதத்தைப் பொறுமையாகக் கேட்டார். “மாஸ்ரர், தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு எது ஓடினது எண்டு தம்பிக்குச் சொல்லேல்லையோ?” என்று மட்டும் வினவினார்.

1990 நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல் மருந்துபோல் அளந்து பயன்படுத்தும் பொருளாயிற்று. வண்டிகள் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. எனவே சிறிது பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அதன் ஒக்ரேன் அளவும் தாழ்ந்தது. அமுக்கம் மிகுந்த எஞ்சினில் தானே வெடித்துத் தட்டும். இங்கேதான் தலைமுறைக் கணக்குத் தலைகீழானது. பக்கவால்வு எஞ்சினின் அமுக்க விகிதம் ஏழுக்கும் குறைவு. பிந்தியவற்றிற் பெரும்பாலும் எட்டுக்கு மேல். விரைவுக்குப் பெயர்பெற்றது தட்டித் திணற, கிழடென்று ஒதுக்கப்பட்டது புகை கக்கியபடி தன் வேலையைச் செய்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்ப்பித்தது. எண்ணெயை அடிக்கடி மாற்றாதவர் எஞ்சினை மாற்ற நேர்ந்தது.

ஆசிரியரின் தகப்பனாரிடம் இருந்தது அத்தகைய முதற்பிறவி மைனர். முன்விளக்குகள் தாழப் பதிந்தது. 1957இல் இலக்கத்தகட்டிற் சிங்கள ஸ்ரீ புகுமுன் பதிவானதாகையால் ஆங்கில எழுத்துத் தகடுடையது. அதிலும் அவருக்கொரு பெருமை. முன்னாசனத்தின் கீழே பெற்றோற் போத்தலொன்று எப்போதும் இருக்கும். 1995 ஒக்ரோபர் 30 இரவு மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது அவ்வண்டியும் புறப்பட்டது. நாவற்குழிப் பாலத்துக்கு முன் நெரிசலில் அது நடையினும் மெதுவாக ஊர்ந்தது. மெதுவாக ஓடும் எஞ்சினில் மண்ணெண்ணெய் முழுதும் எரியாமற் பிளக்கைக் கரியாக்கும். நின்றது, போத்தலைச் சரித்து எழுப்பினார்கள், மீண்டும் நின்றது. போத்தல் வெறுமையானதும் வண்டியைத் தெருவோரந் தள்ளிவிட்டு மழையில் நடந்தனர். 1996இல் திரும்பியபோது அது அங்கில்லை. தகப்பனார் அதைப்பற்றிப் பின்னர் ஒருபோதும் பேசியதில்லை.

ஆகவே ஆசிரியர் சாவகச்சேரியில் தாழ்விளக்கு வண்டியொன்று விலைக்குண்டெனக் கேள்வியுற்று முதலில் அங்கே சென்றதில் வியப்பில்லை. கராஜ் முதியவர் எஞ்சின் மூடியைத் திறக்கவேயில்லை. நிலத்திற் படுத்து அடியிலே தட்டிப் பார்த்தார். மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம். பின்வில் பூட்டுமிடமும் கதவின் கீழ்ச்சட்டமும் துருவேறின் எஞ்சின் எத்தகையதாயினும் பயனில்லை. சாவகச்சேரி வண்டியின் தளம் சாவிக்கே வழிவிட்டது. ஆசிரியர் அதன் விளக்கைத் தடவியபடி நெடுநேரம் நின்றார். மருமகன் கண்டுபிடித்த 1098 பளபளத்தது. ஆயின் முன்சில்லைத் தாங்கும் சுழல்மூட்டுகள் பல்லாண்டாகக் கிறீஸ் காணாதவை. அவை தேய்ந்து கழன்றால் ஓடும்போதே சில்லு மடிந்து வண்டி முழந்தாளிடும். எஞ்சியது கோப்பாயில் நின்ற 948, இரண்டு கதவு, மங்கிய சாம்பல் நிறம்.

“ரெண்டு கதவோ, மாமா?” என்று மருமகன் முகஞ் சுளித்தான்.

அவன் அறியாதது ஒன்றுண்டு. இரண்டு கதவு மைனரின் கதவு அகலமானது; மடங்காத முழங்கால் உடையவர் முன்னாசனத்தில் அமர அதுவே வசதி. எண்பத்தேழு வயதான தாயார் ஓட்டோவின் குலுக்கலைத் தாங்கார். ஆடி அமாவாசைக்குக் கீரிமலை போகவேண்டும், அவரைப்போலக் காரிலே போகவேண்டும் என்பதே அவ்வாண்டு அவர் கேட்ட ஒன்று.

வண்டி வந்த அன்று அவரை மெல்ல ஏற்றி இருத்தினர். எஞ்சினைப்பற்றி அவர் எதுவுங் கேட்கவில்லை. கையை ஆசனத்தின் கீழே விட்டுத் துழாவினார்.

“போத்தல் வைக்கேல்லையோ, தம்பி?”

ஆசிரியர் உள்ளே சென்று போத்தலொன்றைக் கழுவி எடுத்து வந்தார்.