பனியில் ஒரு பாடம்

புதுவைக்குச் செல்கிறவர்கள் கடற்கரையையும் நேர் வகிடு எடுத்தாற்போன்ற வீதிகளையும் கண்டு மகிழ்வது வழக்கம். காந்தி சிலைக்கு அருகே நிற்கும் பழைய கலங்கரை விளக்கத்தை ஏறிட்டுப் பார்ப்பவர் சிலரே. சென்ற மார்கழிக் கடைசியில் நான் அதன் எதிரே வெகுநேரம் நின்றேன். அதற்குக் காரணம் உண்டு.

அன்று விடியுமுன் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் குடும்பத்துடன் வாடகைக் காரில் வந்துகொண்டிருந்தோம். மரக்காணத்தை நெருங்கியதும் உப்பளங்களின்மேல் மூடுபனி கவிந்து சாலை மறைந்துவிட்டது. இளைஞரான சாரதி, வழி தெரியட்டுமென்று முகப்பு விளக்கை உயர்த்திப் போட்டார். என்ன விந்தை! தெரிந்த கொஞ்சமும் மறைந்து, எதிரே வெள்ளைச் சுவர் எழும்பிற்று. மூடுபனி என்பது நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டமல்லவா? அதில் படும் ஒளி சிதறி நம் கண்ணுக்கே திரும்புகிறது.

"விளக்கைத் தாழ்த்தி மெள்ளப் போங்கள், தம்பி" என்றேன். அவரும் அப்படியே செய்தார். அரை நிமிஷம் ஆகவில்லை. மண்வெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, உப்பளத்துக்குச் செல்லும் பெரியவர் ஒருவர் விளக்கில்லாத சைக்கிளில் எங்கள் முன்னே தோன்றினார்! பத்தடி தூரத்தில் வண்டி நின்றது. அவர் ஒன்றும் அறியாமல் பனிக்குள் மறைந்தார். என் மனைவி குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி விநாடிக்குச் சுமார் 17 மீட்டர் கடக்கிறது. அந்த வேகத்தில் வந்திருந்தால், சாரதி கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள்ளேயே எல்லாம் முடிந்திருக்கும்.

சாலை நடுவே மின்னும் பூனைக்கண் வில்லைகளை 1934-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரைச் சேர்ந்த பெர்ஸி ஷா கண்டுபிடித்தார். விழுகிற ஒளியை அவை சாரதிக்கே திருப்பியனுப்பும். ஆனால் அவை சாலையைத்தான் காட்டும். சாலையில் போகும் மனிதரைக் காட்டமாட்டா.

புதுவையின் பழைய கலங்கரை விளக்கம் 1836 ஜூலை 1-ஆம் தேதி ஏற்றப்பட்டது. 1979-இல் புதிய விளக்கம் வரும்வரை அது பணிபுரிந்தது. அது கடலைப் பார்ப்பதற்காக எரியவில்லை. கடலில் வருபவன் தன்னைப் பார்ப்பதற்காக எரிந்தது. விளக்கு நாம் காண்பதற்கு மட்டுமன்று, பிறர் நம்மைக் காண்பதற்குமே என்பதை அதன் எதிரேதான் உணர்ந்தேன்.

ஊர் திரும்புமுன் நேரு வீதியில் சைக்கிளில் ஒட்டும் சிவப்பு வில்லைகள் சில டஜன் வாங்கினேன். எங்கள் பள்ளிக்குச் சைக்கிளில் வரும் பிள்ளைகள் பலர். பொங்கல் விடுமுறை கழிந்த முதல் நாள், பாடத்தைத் தொடங்குமுன் அவற்றை ஒட்டி முடித்தோம். அந்தப் பெரியவரின் சைக்கிளுக்குத்தான் ஒட்ட முடியவில்லை.