முதலில் நிழல், பிறகு சுவர்

பழைய கண்டெய்னர் வீடாக்கத் தேறுமா என்று பார்க்க, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். இருட்டில் எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால், அங்கே துரு தின்றிருக்கிறது என்று பொருள். ஷார்ஜாவின் சஜா தொழிற்பகுதியில் ஒரு யார்டில், ராமநாதபுரம் பக்கத்து வெல்டர் ஒருவர் இதை எனக்குச் செய்து காட்டினார். ஆகஸ்டு மாதம், காலை எட்டு மணிகூட ஆகவில்லை. அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கூரையில் இரண்டு புள்ளிகள் மின்னின. சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, “இது பரவாயில்ல தம்பி, ஒட்டுப் போட்டுறலாம். மூலைத்தூண் வளைஞ்சிருந்தாத்தான் பெட்டியே வேணாம்னு சொல்லிருவோம்” என்றார்.

கண்டெய்னரின் பலம் அதன் நான்கு மூலைகளில் இருக்கிறது. கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேலுள்ள பாரம் முழுவதும் அந்தத் தூண்கள் வழியாகத்தான் இறங்கும். பக்கச்சுவர் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கனம். ஆனால் மடித்த தகடு என்பதால் மேல் விட்டத்தைத் தொய்யாமல் தாங்குகிறது. ஜன்னலுக்காக அதை அகலமாக வெட்டினால் விட்டம் இறங்கிவிடும். அதனால் இங்கே பாக்ஸ் பைப்பில் சட்டம் செய்து வெல்டு வைத்த பிறகே கட்டிங். அதையும் ஒரே இழுப்பில் செய்வதில்லை. இந்த முனையில் கொஞ்சம், எதிர்முனையில் கொஞ்சம். இல்லாவிட்டால் சூட்டில் தகடு நெளியும்.

தரையில் இருப்பது 28 மில்லிமீட்டர் பிளைவுட். கடல் பயணத்தில் பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றியது. என்ன மருந்து என்பதைக் கதவிலுள்ள தகடு சொல்லும். மனிதர் குடியிருக்கப் போகும் பெட்டியில் இந்தப் பலகையைப் பெயர்த்துவிடுவதே இந்த யார்டின் வழக்கம். கிரைண்டர் பிடிக்கும் ஹெல்பர்களுக்கு நல்ல முகமூடி கொடுத்திருந்ததையும் கவனித்தேன். பழைய பெட்டிகளின் பெயிண்டில் ஈயமோ குரோமியமோ இருக்கக்கூடும். அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகக்கூடாது.

பாலைவனம் என்றால் வறண்ட காற்று என்றுதான் நாம் நினைக்கிறோம். வளைகுடாக் கரையோரம் அப்படியல்ல. சவூதியின் தஹ்ரானில் 2003 ஜூலையில் பனிநிலை 35 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அதாவது 35 டிகிரியில் இருக்கும் பொருளின் மீதும் காற்றின் ஈரம் நீராகப் படியும். இந்த ஈரம்தான் பெயிண்டரின் வேலை நேரத்தைத் தீர்மானிக்கிறது. விடியற்காலையில் தகடு நனைந்திருக்கும், பெயிண்ட் பிடிக்காது. வெயில் ஏறியபின் தகடு கொதிக்கும். பெயிண்ட் பரவுவதற்கு முன்பே காய்ந்து கொப்புளம் கட்டும். இரண்டுக்கும் நடுவே கிடைப்பது கொஞ்ச நேரம். பெஷாவரிலிருந்து வந்த பெயிண்டர் ஒருவர் புறங்கையைத் தகட்டில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சரி என்று பட்டதும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வேலையில் இறங்கினார்.

அதே ஈரம் சுவருக்குள்ளும் தொல்லை தரும். ஏசி ஓடும் அறையில் ஜிப்சம் போர்டு குளிர்ந்திருக்கும். வெளிக்காற்று சந்து வழியாக அதன் பின்பக்கம் நுழைந்தால் காற்றின் ஈரம் அங்கேயே நீராகிவிடும். பிறகு பூஞ்சை, துரு எல்லாம் வரும். இடையில் திணித்த ராக்வூல் நனைந்துவிட்டால் அது வெப்பத்தைத் தடுப்பதும் குறைந்துவிடும். தகட்டோடு ஒட்டிக் கெட்டியாகும் பஃப் நுரையில் காற்று நுழைய இடமில்லை. எஃகு அந்த நுரையைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே நுரை படாமல் ஓர் இரும்புச் சட்டம் வெளிச்சுவரிலிருந்து உட்சுவர் வரை வந்தாலும் போதும், வெயில் அதன் வழியே உள்ளே வந்துவிடும்.

நுரை அடிப்பவரின் வேலைதான் எல்லாவற்றிலும் கடினமானது. இரண்டு ரசாயனங்கள் துப்பாக்கி முனையில் கலந்து சீறும். அவற்றில் ஒன்று ஐசோசயனேட். சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். தலை முதல் கால் வரை மூடிய உடுப்பு, குழாய் வழியே காற்று வரும் முகமூடி ஆகியவற்றோடு கொதிக்கும் பெட்டிக்குள் நிற்க வேண்டும். வெளியே வந்து உடுப்பைக் கழற்றியதும் பூட்ஸுக்குள்ளிருந்து வியர்வையைக் கவிழ்த்துக் கொட்டினார் அவர். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. பெட்டிக்குள் வேலை செய்கிறவர் வெயிலில் நிற்பதில்லைதான். ஆனால் அவர் படும் வெப்பம் வெயிலைவிடக் கொடியது. அவருக்கு நேரக்கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நுரையைப் பெட்டிக்கு உள்ளே அடிப்பதா, வெளியே அடிப்பதா? உள்ளே என்றால் இடம் போகிறது. 2.35 மீட்டர் உள் அகலத்தில் நுரை, சட்டம், போர்டு எல்லாம் சேர்ந்த பிறகு ஏறக்குறைய 2.2 மீட்டர்தான் மிஞ்சும். கட்டிலைக் குறுக்கே போட்டால் நடக்க வழியில்லை. வெளியே அடித்து மேலே தகடு போர்த்தினால் எஃகின் மீது வெயிலே படாது. பாலைவனத்துக்கு அதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஃபோர்மேன் ஒத்துக்கொள்ளவில்லை. லாரியில் ஏற்றி இறக்கும்போது வெளிப்போர்வை அடிபடும், நசுங்கும் என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இருவரும் ஒத்துப்போனது இரண்டாவது கூரையில். பெட்டிக்கு மேல் அரை மீட்டர் இடைவெளி விட்டு, பைப் சட்டத்தில் ஒரு தகடு, நாலாபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி. வெயில் அந்தத் தகட்டைச் சுடும். இடையில் ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோகும். வீட்டின் கூரை நிழலில் இருக்கும். ஷமால் காற்று தூக்காதபடி கெட்டியாகப் பிணைக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கரையின் பழைய குடிகள் கோடைக்கு அரீஷ் என்னும் ஈச்சமட்டை வீடு கட்டினார்கள். நிழலும் காற்றும் போதும் என்று அறிந்தவர்கள் அவர்கள். உலகக் கோப்பைக்காக தோஹாவில் 974 கண்டெய்னர்களைக் கொண்டு எழுந்த ‘ஸ்டேடியம் 974’ ஏசி இல்லாமல் காற்றோட்டத்தையே நம்பியது. 2022இல் அங்கே ஆட்டங்கள் நடந்தது நவம்பர், டிசம்பர் மாதங்களில், மாலையிலும் இரவிலும். கோடையின் நடுப்பகலில் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பசுமை வீடு என்ற பெயருக்காக, ஒரே ஒரு பயணம் வந்த புதுப் பெட்டியைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு. நாற்பதடிப் பெட்டியின் எடை ஏறக்குறைய 4 டன், பெரும்பகுதி எஃகு. இன்னும் பல ஆண்டுகள் சரக்கு சுமக்க வேண்டியதை நிறுத்தி வீடாக்கினால் அது மறுபயன்பாடு ஆகாது. கடலில் காலம் கழித்து ஒதுக்கப்பட்ட, மூலைகள் நேராக இருக்கும் பெட்டிதான் இதற்கு ஏற்றது.

அதே யார்டில் லேபர் கேம்ப்களுக்கான போர்ட்டா கேபின்களும் தயாராகின்றன. அந்த ஆர்டர்களில் இரண்டாவது கூரை இல்லை. எல்லாவற்றிலும் செலவு குறைந்த அந்தக் கூரையைத்தான் முதலில் நீக்கிவிடுகிறார்கள். வெயிலில் உழைத்து வருகிறவர் தூங்குகிற அறைக்குத்தான் அது முதலில் வேண்டும். கண்டெய்னர் வீட்டின் வராந்தாவுக்கு அடுத்துதான்.

நான் இதைச் சொன்னபோது ராமநாதபுரத்து அண்ணன் ஒரு கேபினின் மேல் ஏறச் சொன்னார். ஓரங்களில் கையகலத் துண்டு இரும்புகள், நடுவே துளையுடன், வரிசையாக வெல்டு வைக்கப்பட்டிருந்தன. வரைபடத்தில் அவை இல்லை. வெட்டி மிச்சமான பிளேட்டில் அவரே செய்தவை.

“ஃபோர்மேனுக்குத் தெரியும், ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நாளைக்கு யாராச்சும் மேல சீட் போடணும்னு கேட்டா, கூரைல ஓட்டை போடாம இதுலயே போல்ட் மாட்டிக்கலாம்ல.”

எத்தனை கேபின்களில் அப்படிப் போட்டிருக்கிறார் என்று கேட்டேன். தன் கைக்கு வந்த எல்லாவற்றிலும் என்றார்.