புறக்கோட்டைக்கு ஒரு நாள்

நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுபவரா நீங்கள்? கடைக்குப் போவதென்றால் தம்பியையோ மகனையோ அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடுபவரா? அப்படியானால் ஒரு நாள் கொழும்பு புறக்கோட்டைக்கு நீங்களே போய் வாருங்கள்.

காலையிலேயே போங்கள். நேரம் ஏற ஏறச் சன நெரிசலும் ஏறும். பிரதான வீதியின் தொடக்கத்தில் 1923இல் எழுப்பிய கான் மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. அதை அடையாளமாக வைத்துக்கொண்டு, குறுக்குத் தெருக்களை எண்ணியபடி நடக்கலாம். இரண்டாம் குறுக்குத் தெருவில், சிவப்பும் வெள்ளையுமாய் மின்னும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தது. சற்று நின்று பாருங்கள். கைவண்டிக்கு வழி கேட்கும் நாட்டாமிமார், விலை கூவும் பெடியன்கள், பேரம் பேசும் தாய்மார். இத்தனை பேரில் ஒருவராவது உங்களைப் பார்க்கிறாரா? எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற எண்ணந்தான் நம் நாவைக் கட்டுகிறது. இங்கே யாருக்கும் அதற்கு நேரமில்லை!

ஒரேயொரு சாமானை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மகளின் சட்டைக்கு லேஸ் என்றே வைப்போம். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கடைக்குள் ஏறி, "நானா, இது மீற்றர் என்ன விலை?" என்று கேளுங்கள். சிங்களக் கடையென்றால் "கீயத?" போதும். பிடிக்காவிட்டால், பத்துச் சுருளை விரித்துப் போட்டிருந்தாலும், "வேண்டாம், பிறகு வாறேன்" என்று இறங்கிவிடுங்கள். கூச்சமுள்ளவருக்கு இதுதான் மிகக் கடினம். ஒருமுறை சொல்லிவிட்டால் மறுமுறை இலேசு. வாங்கினால், மீதிக் காசை அங்கேயே எண்ணிப் பாருங்கள்.

வெட்கம் ஈமானின் ஒரு பகுதி. அதை இழக்கச் சொல்லவில்லை. அதிகம் பேசுபவராக மாறவும் தேவையில்லை. ஆனால் மார்க்கத்தைக் கேட்டறிய அன்ஸாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதை நினைத்துப் பாருங்கள்.

நாளை காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையுடன் நீங்கள் தனியே ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க நேரலாம். அனுப்ப அங்கே தம்பி இருக்கமாட்டார். புறக்கோட்டையில் லேஸுக்கு விலை கேட்ட அதே நாக்கு, இன்ஷா அல்லாஹ், அன்று டாக்டரிடமும் தெளிவாகப் பேசும்.