ஃபேர்லேண்ட்ஸ் தண்ணீருக்கு எந்த கண்டிஷனர்?

சேலம் ஐந்து ரோட்டில் இறங்கி, சாரதா கல்லூரி சாலைப் பக்கம் நடந்தால் ஃபேர்லேண்ட்ஸ். துணிக்கடை, பேக்கரி, பியூட்டி பார்லர் என்று சாயங்காலமானால் சாலையே ஜேஜே என்றிருக்கும். கல்லூரி இருப்பதால் வெளியூர்ப் பெண்களும் அதிகம். 'ஊரில் பட்டு மாதிரி இருந்த முடி, இங்கே வந்ததும் தேங்காய் நார் ஆயிடுச்சு' என்பதுதான் ஹாஸ்டல் புலம்பல். உடனே விலை கூடிய கண்டிஷனரைத் தேடுகிறார்கள்.

பாட்டிலை எடுக்கும் முன் ஊரைக் கொஞ்சம் பாருங்கள். ஓமலூர் சாலையில் மாமாங்கத்தைத் தாண்டினால் வெள்ளை வெளேரென்று மேடுகள் தெரியும். அது வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட். மக்னீசியம் நிறைந்த கல். இப்படிப்பட்ட மண்ணில் போர் தண்ணீர் உப்பாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அதனால்தான் இங்கே பல வீடுகளில் குடிக்க மேட்டூர் தண்ணீர், புழங்க போர் தண்ணீர்.

ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கால்சியமும் மக்னீசியமும் முடியிலும் படிகின்றன. முடி சொரசொரப்பாகி, சிக்கு விழுந்து, சீவும்போது உடைகிறது.

ஒரு சின்ன சோதனை

பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, குளியல் சோப்புத் துருவல் கொஞ்சம் போட்டுக் குலுக்குங்கள். நுரை பொங்கினால் நல்ல தண்ணீர். நுரையே வராமல் பால் போலக் கலங்கினால் உப்புத் தண்ணீர். கடைசியாக முடியை அலச மட்டும் இரண்டு சொம்பு மேட்டூர் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை, லேபிளில் 'ஈடிடிஏ' உள்ள ஷாம்பு போட்டால் படிந்த உப்பு ஓரளவு போகும்.

யாருக்கு எது?

ஷாம்பு அழுக்கோடு எண்ணெயையும் எடுத்துவிடும். கண்டிஷனர் முடியின் மேல் மெல்லிய படலமாக ஒட்டி வழவழப்பைத் தரும்.

* மெல்லிய முடி, எண்ணெய் வழியும் தலை: லேசான கண்டிஷனர், நுனியில் மட்டும். கெட்டியான க்ரீம் போட்டால் முடி படிந்துவிடும்.
* வறண்ட, அடர்த்தியான முடி: க்ரீம் போன்ற கண்டிஷனர், வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஊறலாம்.
* சுருட்டை முடி: கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் சிக்கெடுங்கள். குளித்த பிறகு, அலசத் தேவையில்லாத 'லீவ் இன்' வகையைக் கொஞ்சம் தடவலாம்.
* சாயம் பூசிய முடி: ஒவ்வொரு ஷாம்புக்குப் பிறகும் கண்டிஷனர் அவசியம்.

யாராக இருந்தாலும் தண்ணீரைப் பிழிந்துவிட்டு, காதுக்குக் கீழே தொடங்கி நுனி வரை தடவுங்கள். மண்டையில் தேய்க்க வேண்டாம். இரண்டு, மூன்று நிமிடம் போதும்.

அரப்பு தெரியுமா?

சேலம், நாமக்கல் கிராமங்களில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் அரப்புதான். வறண்ட காட்டில் வளரும் உசில மரத்தின் இலைப்பொடி. சோறு வடித்த கஞ்சியில் குழைத்துப் பூசினால் வழவழவென்று இருக்கும். சோப்பைப் போல உப்புத் தண்ணீரில் திரிந்து முடியில் ஒட்டாது. சீயக்காயும் அப்படித்தான். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரியும். பொடி நிற்காமல் நன்றாக அலசுங்கள்.

உடைகிறதா, உதிர்கிறதா?

சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகக் குமிழ் இருந்தால் வேரோடு உதிர்ந்தது. இல்லாவிட்டால் நடுவில் உடைந்தது. உடைவதைக் கண்டிஷனர் குறைக்கும். உதிர்வதை எந்த பாட்டிலும் நிறுத்தாது. தினமும் சில முடிகள் உதிர்வது சகஜம். கொத்துக் கொத்தாக வந்தால் ரத்தசோகையோ தைராய்டு கோளாறோ இருக்கலாம். அந்தப் பணத்தைக் கண்டிஷனரில் போடாமல், டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.