தராசு

எங்கம்மாவுக்கு இருதயம் வீங்கிப்போச்சு என்று அரசு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருதயம் சட்டென்று நின்றுபோகிற நோயில்லை இது. ரத்தத்தைத் தள்ளுகிற பலம் குறைந்து, காலிலும் நுரையீரலிலும் நீர் தேங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டும். ராத்திரியெல்லாம் சுவரில் சாய்ந்தே கிடந்தாள். ஒன்பது நாள் வார்டில் வைத்து, ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். காசு கேட்கவில்லை. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

அனுப்பும்போது சீட்டில் எழுதினார்கள்: உப்பைக் குறைக்கவும். கனம் தூக்கக் கூடாது. தினமும் காலையில் எடை பார்க்கவும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே வரவும்.

சரியான வைத்தியம்தான். இந்த நோயில் திடீரென்று எடை கூடினால் அது சதையல்ல, நீர். மூச்சு முட்டும் முன்பே தராசு சொல்லிவிடும். ஆனால் கருவாடும் ஊறுகாயும் வைத்துக் கஞ்சி குடிக்கிற எங்கள் தெருவில் யார் வீட்டில் தராசு இருக்கு?

ரேஷன் கடையில் இருக்கிறது. கடை ஊர்த்தெருவில். அம்மாவைக் கூட்டிப்போனேன். "அரிசி நிறுக்கிற தராசுல நீங்க ஏறுனா ஜனங்க என்ன சொல்லும்?" என்றான் கடைக்காரன். ஊர்த்தெருப் பிள்ளைகள் அதில் ஏறி நின்று விளையாடுவதை நாங்கள் பார்க்காததா? எந்தக் கால் பட்டால் அரிசி தீட்டாகும் என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அம்மா பேசவில்லை. திரும்பும் வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்தாள்.

கடைசியில் காலனி பால்வாடி ஆயாதான், கர்ப்பிணிகளுக்கு வைத்திருந்த மெஷினைக் காட்டி, "தெனம் வந்து ஏறு அத்தே" என்றது. பன்னிரண்டாம் நாள் பார்த்தால் ரெண்டரைக் கிலோ கூடியிருந்தது. அன்றைக்கே பஸ் ஏறினோம். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். வார்டில் படுக்காமலே நீர் இறங்கியது.

2013இல் திருவனந்தபுரத்தில், 18 ஆஸ்பத்திரிகளில் இந்நோயோடு சேர்ந்த 1205 பேரைப் பதிவு செய்து பின்தொடர்ந்தார்கள். ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. மூன்று வருஷத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேர். அப்படியென்றால் பெரும்பாலோர் செத்தது, குணமாச்சு என்று அனுப்பி வைத்த பிறகுதான்.

தமிழ்நாட்டில் 2021 முதல் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. வரட்டும். அதோடு காலனிக்கு ஒரு தராசும் வரவேண்டும். ஊர்த்தெருவில் போய் யாரிடமும் கேட்டு ஏறவேண்டியிராத தராசு.