விடிய விடியக் கூத்து

தொடர் விடுமுறைக்குச் சென்னையில் நாடகம் பார்க்கலாம் என்றான் நண்பன். "நீ திருவண்ணாமலைக்கு வாடா, கூத்து காட்டுறேன்" என்றேன். மாவட்டமெங்கும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கிற காலம். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து.

அவன் வந்த இரவு, ஊர் சாப்பிட்டு முடித்த பிறகே ஆர்மோனியமும் முகவீணையும் தொடங்கின. கட்டியங்காரன் வந்து எல்லோரையும் சிரிக்க வைத்தான். அடுத்து, இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் துரியோதனன். கிரீடம் மட்டும் தெரிகிறது, சலங்கை அதிர்கிறது. திரை விலகுவதற்குள் நமக்குப் படபடக்கிறது. எந்த அரங்கிலும் இப்படியொரு வருகையை நான் பார்த்ததில்லை. துகிலுரிதலின்போது பாட்டிகள் கைகூப்பி அழுதார்கள். திரௌபதியாக நின்றவர் ஓர் ஆண் என்பது அங்கே யாருக்கும் பொருட்டில்லை.

1977இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவை நிறுவிய ந. முத்துசாமி மனம் பறிகொடுத்ததும் இந்த மாவட்டத்துக் கூத்தில்தான். செய்யாறு பக்கத்துப் புரிசைக் கூத்தில்.

மறுநாள் கிரிவலம் போனோம். பேச்சு முழுக்கக் கூத்துதான். துரியோதனன் வீழும் படுகளம் பார்க்காமல் பஸ் ஏற மாட்டேன் என்று விடுப்பை நீட்டித்துவிட்டான் நண்பன்.

கலைஞர்களுக்குப் பிழைப்பே பாரதம் நடக்கும் இந்தச் சில மாதங்கள்தான். வாருங்கள், விடியும்வரை உட்காருங்கள், முடிந்ததைக் கொடுங்கள். தங்க என் வீடு இருக்கிறது.