ஜோடி சேராத மட்டை

உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். ஆறு டம்ளர் ஒரே மாதிரி இருக்கிறதா? இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. எங்கள் வீட்டில் ஒவ்வொன்றும் ஒரு ஜாதி. சம்பந்தி வீட்டார் வந்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

நான் சொல்ல வந்தது டம்ளரைப் பற்றியல்ல. என் கணவருடைய கோல்ப் மட்டைகளைப் பற்றி. மூணாறு தேயிலைத் தோட்டத்தில் 30 வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டுப் போடிநாயக்கனூருக்குக் குடி வந்தவர் அவர். 1909-ல் ஏற்பட்ட ஹை ரேஞ்ச் கிளப்பின் 9 குழி மைதானத்தில் பழகிய கை. இன்றும் மாதம் ஒரு முறை போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய் ஆடிவிட்டு வந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். மட்டைகளோ, மலையை விட்டு இறங்கியவர்கள் ஆளுக்கொன்றாகக் கொடுத்தவை. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை!

போடிக்காரிக்கு இது பொறுக்குமா? இங்கே ஏலக்காயைக்கூடச் சலித்து, 8 மில்லிமீட்டர் ஒரு குவியல், 7 ஒரு குவியல் என்று பிரித்தல்லவா விலை வைக்கிறார்கள்?

அவருக்கு எழுபது நிறைந்தபோது, மாப்பிள்ளையிடம் ரகசியமாகப் பணம் கொடுத்து ஒரே வரிசையாகப் புது மட்டைகள் 14 வாங்கிவிட்டேன். "இரும்பு மட்டையில் எண் கூடக் கூடத் தண்டு அரை அங்குலம் போலக் குறையும், முகம் மல்லாந்துகொண்டே போகும் அத்தை. பந்து உயர எழும்பிக் கிட்டத்தில் விழும். படிப்படியாக அளந்து செய்தது" என்று மாப்பிள்ளை விளக்கினார். பழையவற்றைச் சாக்கில் கட்டிப் பழைய சாமான்காரருக்கென்று திண்ணையில் வைத்தேன்.

புது மட்டைகளோடு போனவர் சாயங்காலம் சிரித்துக்கொண்டே திரும்பினார். "அளந்து வைத்த மாதிரி போகுது!" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பையை வாங்கி வைக்கும்போதுதான் பார்த்தேன். பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை மட்டும் பழையது!

"புதுசு எங்கே?"

"பீரோவில் இருக்கு. 14-க்கு மேல் கொண்டுபோகக் கூடாது. 1938-ல் அமெரிக்காவில் போட்ட விதி, மறு வருஷம் பிரிட்டனிலும் வந்துவிட்டது. இதை எடுத்தால் ஒன்றை விடணுமே."

"அப்படி என்ன இதில்?"

சற்று நேரம் பேசாமல் இருந்தார். "மற்றதெல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகணும். இதற்கு அது வேண்டாம். கைக்கு ஒத்தால் போதும். இதைக் கொடுத்தவன் போய் ஆறு வருஷம் ஆச்சு. குழிக்குப் பக்கத்தில் வந்தால் கை இதைத்தான் தேடுது."

எனக்குப் பகீரென்றது. சாக்கிலிருந்து அதை உருவியெடுத்தபோதுகூட, 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று அவர் கேட்கவில்லையே! அன்றிரவே சாக்கை அவிழ்த்து, எல்லாவற்றையும் துடைத்துப் பரணில் வைத்தேன்.

அடுத்த வாரம் ஒரே மாதிரி ஆறு டம்ளர் வாங்கினேன். ஆசை யாரை விட்டது? ஆனால் என் அம்மா கொடுத்த, சொட்டை விழுந்த பித்தளை டம்ளரை மட்டும் ஒதுக்கவில்லை. சம்பந்தியம்மா வந்த அன்று, அவருக்குப் புதியதில் காபி கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து நான் அதில்தான் குடித்தேன். கூச்சமாகவே இல்லை.